கால்வாயில் எறிந்த துரியன் பழம்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் குடியிருந்தபோது, பக்கத்துப் போர்ஷன்காரர்களின் பழம் ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்க் கால்வாயில் எறிந்தேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

அப்போது நான் கல்லூரி ஆசிரியர், தனி ஆள். சுவருக்கு அந்தப் பக்கம் தென்காசியிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவருக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் குழந்தை இல்லை. பட்டணத்தில் நான் நின்று பேசும் மனிதர்கள் அவர்கள் இருவர்தான்.

ஒருநாள் அவர் எதையோ சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தார். மறுநாளே நாற்றம் கிளம்பியது. அழுகிய வெங்காயமும் சாக்கடையும் கலந்த வாடை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மாலை அவர்கள் கோயிலுக்குப் போனதும் சாக்கைப் பிரித்தேன். உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பழம். கெட்டுப்போனதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூக்கிப்போனேன்.

திரும்பி வந்த அந்தம்மா வெறும் சாக்கைப் பார்த்து அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. அது துரியன். சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று அப்போது பலர் நம்பினார்கள். உறவினரிடம் சொல்லிவைத்து, குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாரிலிருந்து வரவழைத்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட வைத்திருந்தார்.

"சார், நீங்க பாத்தீங்களா?" என்றார் கணவர்.

"பெருச்சாளி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அவ்வளவு முள்ளையா?" என்றபடி அவர் வெறும் சாக்கை மடித்து எடுத்தார்.

அதன்பின் நான் அவர்கள் கண்ணில் படாமலே நடமாடினேன். தாழ்வாரத்தில் பேச்சுக் குரல் கேட்டால் அறையிலேயே இருந்துவிடுவேன். அடுத்த வருஷம் லீவு போட்டு பர்லியாருக்குப் போனேன். துரியனைப் பறிக்க மாட்டார்கள், பழுத்துத் தானாக விழ வேண்டும். இரண்டு நாள் காத்திருந்தேன். ரயிலில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

பழத்தை அவர்கள் வாசலில் வைத்து, நடந்ததை முழுக்கச் சொன்னேன். கணவர் உள்ளே போய்விட்டார். அந்தம்மா மட்டும் நின்றார்.

"இனிமே இது எனக்கு எதுக்கு சார்? தை மாசம் ஆஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க."

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஒரே ஒரு சுவர் தள்ளி இருந்த எனக்குத் தெரியவில்லை.

"நீங்க சாப்பிடுங்க. இதையும் தூக்கிப் போட்றாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் பிளந்தேன். அத்தனை வாடைக்குள்ளே பாலேடு போல மெத்தென்ற சுளை, நல்ல தித்திப்பு. ருசியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவர் சொன்னதற்காக மூன்று நாளில் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். ஆவணியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எங்கே போகிறார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் பழத்துக்கு அப்படியொரு சக்தி உண்டா என்று எனக்குத் தெரியாது. கதவைத் தட்டி, "என்னங்க இது, இப்படி நாறுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களே வெட்கத்தோடு சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காத மனிதனோடுதான் இத்தனை வருஷமாகத் தனியாகக் குடியிருக்கிறேன்.