பாலனைத் திருட ஆளில்லாத வீடு

என் கொம்பாத்ரே அபெலார்தோ உஸ்காத்தேகி வீட்டைச் சுற்றிக் கேமரா மாட்டத் தொடங்கியது ஒரு கேஸ் சிலிண்டரால். கொல்லையில் வைத்திருந்த சிலிண்டரை எவனோ பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்போது அவர் மெரிதா நகரத்துக்கும் எங்கள் மலையூரான தாபாய்க்கும் இடையே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு இன்னொரு சிலிண்டருக்கு அலைந்திருப்பார்கள். அவரோ கம்ப்யூட்டரோடு வந்த குட்டிக் கேமராவை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவில் ஓட்டை போட்டு, கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அன்று பிடித்த பைத்தியம். பதினைந்து வருஷமாகியும் அந்த வேலை முடியவில்லை. முடிய அவர் விடவும் மாட்டார்.

நான் சோய்லா, அடுத்த வீட்டுக்காரி. முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடும் கடை வைத்திருக்கிறேன். அபெலார்தோவின் ஒரே மகளுக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கும் அவர் மனைவி எதெல்மிராவுக்கும் நான் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிட இந்த உறவில் உரிமை அதிகம், சண்டையும் அதிகம்.

கடையில் வாங்கிய கேமராவை மாட்டினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். கண்ணாடி உடைந்த பழைய போன்களை வாங்கி வருவார். தண்ணீர்க் குழாயை அறுத்து அதற்குள் ஒவ்வொன்றாகச் செருகி, மழைக்குக் குடைபோலத் தகரம் வளைத்து வைப்பார். கரண்ட் போவது எங்களுக்குச் சாப்பாடு மாதிரி தினசரி விஷயம் என்பதால், ஓட்டை பஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரிகளைக் கட்டிலுக்கடியில் வரிசையாக வைத்திருந்தார். மகள் வேலைக்காக வெளிநாட்டுக்கு, கீத்தோ நகரத்துக்குப் போன பிறகு அவளுடைய அறையில் பழைய டிவியை வைத்தார். அதில் கட்டம் கட்டமாக வாசல், கொல்லை, சந்து, எலுமிச்சை மரம், மொட்டைமாடித் தொட்டி எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஏணியில் ஏறிப் பஞ்சால் ஒவ்வொரு லென்ஸையும் துடைப்பார். எதெல்மிராவின் மூக்குக் கண்ணாடியை ஒரு நாளாவது துடைத்துக் கொடுத்திருப்பாரா என்று கேளுங்கள்.

மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கினால் ஆள் வருவதாக நினைத்துக்கொண்டு கேமராவின் எச்சரிக்கை மணி அடிக்கும். பனி விலகினாலும் அடிக்கும். ஆள் வந்தால் மட்டும் சில நேரம் அடிக்காது. அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாட்டில் இரண்டு பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

இத்தனையிலும் அகப்பட்டவை என்று பார்த்தால், என் கோழிகள், எதிர்வீட்டு நாய், மழையில் வழுக்கி விழுந்த கோவில்பிள்ளை, ரேடியோவுக்கு ஆடிக்கொண்டே துணி காயப்போட்ட நான். மலைக்காரர்கள் நாங்கள் நாயைக்கூட மரியாதை குறையாமல்தான் விரட்டுவோம். "எந்திரிங்க, உங்க வீட்டுக்குப் போங்க!" என்று ஒலிபெருக்கியில் அவர் அதட்டுவது தெரு முழுக்கக் கேட்கும். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மட்டும் நேரில் வந்தார்.

"கொமாத்ரே, இடுப்பு இன்னும் நல்லாத்தான் வளையுது."

"கொம்பாத்ரே, அடுத்த தடவ அந்தக் கேமரா என் கொல்லப் பக்கம் திரும்புச்சுன்னா, ஒயர அறுத்து அதுலயே துணி காயப்போடுவேன்."

திருடன் மட்டும் ஒருவன்கூட அகப்படவில்லை. "வராம இருக்கான்ல? அதுதான் கேமராவோட வேலை" என்பார். ஆனால் ஒரே ஒருத்தனையாவது பிடிக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஆசை. திரையின் முன் அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே அது தெரியும்.

போன ஜனவரியில்தான் விஷயம் வெடித்தது. எங்கள் மலையில் டிசம்பரில் எல்லோரும் குடில் வைப்போம். பாலன் இயேசு அதில் படுத்திருப்பார். பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தித் திருநாளுக்குள், பாட்டோடும் வயலினோடும் அவரை எழுப்பி நிறுத்த வேண்டும். அதற்குள் யாராவது கமுக்கமாக வந்து பாலனைத் திருடிக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டுக்கு யோகம். வீட்டுக்காரர் ஊரைத் திரட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியும் கையுமாக வீடு வீடாகத் தேடுவார்; இதைத் தேட்டம் என்போம். கிடைத்த பிறகு எல்லோருக்கும் அந்த வீட்டில் கேக்கும் ஒயினும். திருடியவர் யார் என்று முன்பே தெரிந்துவிட்டால் தேட்டமும் கிடையாது, ஊர்வலமும் கிடையாது. பிடித்தமான வீட்டில்தான் திருடுவார்கள்.

எதெல்மிரா என் கடை நாற்காலியில் தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"கொமாத்ரே, நான் இந்தத் தெருவுல யாருக்காவது கெடுதல் பண்ணிருக்கேனா?"

"என்ன பேச்சு இது?"

"என் பாலன யாருமே திருட மாட்டேங்கறாங்க. ஜன்னலத் தொறந்தே வச்சிருக்கேன். கேக்குக்குச் சக்கரகூடச் சேத்து வச்சிருக்கேன். அந்த நெப்தாலி வீட்டுலகூட மூணு தடவ திருடியாச்சு. அவர யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்க?"

நெப்தாலி எங்கள் தெருவின் வயலின்காரர். வாயைத் திறந்தால் குத்தல்தான். அவரைவிடவா வேண்டாதவளாகிவிட்டேன் என்று கேட்டபடி எதெல்மிரா அழுதாள். சாயம் நெற்றியில் வழிந்தது. மகள் போன பிறகு அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் அவளும் புருஷனும் நானும் மூன்றே பேராக நின்று பாலனை நிறுத்திவிட்டு, மீந்த கேக்கை ஒரு வாரம் தின்போம். அவள் தலையை அலசிவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். அபெலார்தோ ஏணியில் நின்றிருந்தார்.

"எறங்குங்க, கொம்பாத்ரே."

"இந்த ஒரு ஸ்க்ரூ மட்டும்..."

"எறங்குங்கன்னேன்! உங்க கேமராவுக்குப் பயந்து திருடன் மட்டுமா வரல? மனுஷங்களும்தான் வரல. மூஞ்சி பதிவாகும்னு தெரிஞ்சு எவன் பாலனத் திருட வருவான்? உங்க வீட்டம்மா தன்ன யாருக்கும் பிடிக்கலன்னு அழுதுக்கிட்டு இருக்காங்க."

அவர் ஏணியிலேயே நின்றுவிட்டார். "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க எங்க அவங்க மூஞ்சியப் பாத்தீங்க? அவங்க டிவியில வந்தாத்தானே!"

அடுத்த நாளே அவர் காரியத்தில் இறங்கினார். எப்படித் தெரியுமா? தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டார். "பராமரிப்புப் பணி காரணமாக இன்று மாலை நான்கு முதல் ஆறு மணி வரை கேமராக்கள் இயங்காது. விருப்பமுள்ளோர் பயன்படுத்திக்கொள்ளவும்." நான் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒருவரும் போகவில்லை. இது ஏதோ பொறி என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிட்டார்கள். எதெல்மிராவுக்கு வந்த கோபம் சுவர் தாண்டி என் வீடு வரை கேட்டது.

"வந்து திருடுங்கன்னு பத்திரிகை வச்சு அழைச்சா அது திருட்டா? என்னப் பாத்தா ஊருக்குப் பாவமாத் தெரியணுமா?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கேமரா ஓடட்டும், நானே திருடுகிறேன் என்று முடிவெடுத்தேன். திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நல்ல வெயில் நாள். கணவனும் மனைவியும் மருந்துக்கடைக்குப் போயிருந்தார்கள். செத்துப்போன என் வீட்டுக்காரரின் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவருடைய தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு சந்து வழியாகப் போனேன். ஜன்னலில் ஏறிக் குதித்தபோது முட்டி மளுக்கென்றது. குடிலின் முன் போய் நின்றேன். பாலன் பாசிமேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அங்கேதான் தப்புச் செய்தேன். பாலன் முன் தொப்பியோடு நிற்கலாமா? கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சிலுவை அடையாளம் போட்டு, "மன்னிச்சுக்குங்க, ரெண்டு நாளுதான்" என்று சொல்லிவிட்டு அவரைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் குடிலுக்கு நேர்மேலே உத்தரத்தில் ஒரு கேமரா இருப்பது நினைவுக்கு வந்தது. நடு நெற்றியில் அறைந்துகொண்டேன். பெண்கள் தலை காயவைக்க உட்காரும் பெரிய உலர்த்தியின் மூடிக்குள் பாலனைத் துண்டில் சுற்றிச் செருகிவிட்டு, அடுத்த வீட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினேன். என் பெயரை அவர் உரக்கச் சொன்னால் போதும், எதெல்மிராவின் திருநாள் அதோடு முடிந்தது.

எதெல்மிராவின் அலறல்தான் முதலில் வந்தது. "திருடிட்டாங்க! என் பாலனத் திருடிட்டாங்க!" கல்யாணம் நிச்சயமான பெண்கூடச் சந்தோஷத்தில் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். தெரு கூடிவிட்டது. நானும் ஒன்றும் தெரியாதவள்போல ஓடினேன். அபெலார்தோ டிவி அறைக்குள் போயிருந்தார்.

"பாக்காதீங்க!" என்று அவள் கதவைத் தட்டினாள். "யாருன்னு தெரியவே கூடாது! கேக்குதா? பாக்காதீங்க!"

அவர் வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்ற அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார்.

"பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஒரே பனிமூட்டம்."

கொடியில் அவர் சட்டைகள் வெயிலில் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தன. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. "ஆமா, சரியான பனி" என்றார் நெப்தாலி. "என் மூக்கே எனக்குத் தெரியல."

திருநாளன்று மாலை தேட்டம் புறப்பட்டது. நெப்தாலி வயலினோடு முன்னால் நடந்தார். முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அபெலார்தோ நேராகக் கடைக்குள் வந்து, உலர்த்திக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஓர் அங்குலம் நிமிர்ந்திருந்தால் பாலனின் காலில் தலை இடித்திருக்கும். கண்ணாடியில், மூடிக்கு வெளியே நீட்டியிருந்த துண்டின் நுனியையும் என்னையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பியிருந்தது.

"இங்க இல்ல. கொமாத்ரே அப்படிப்பட்ட ஆளு இல்ல. வாங்க, மேல போவோம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் கூட்டம் சேர்க்கிறார்! மேட்டுத் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். கட்டிலுக்கடியில் குனிந்தார், பானைக்குள் எட்டிப் பார்த்தார், கோழிக்கூட்டைக்கூடத் திறந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் மெழுகுவர்த்தியோடு சேர்ந்துகொண்டார்கள். தெரு கொள்ளாத கூட்டமான பிறகு, "கொமாத்ரே வீட்ட ஒழுங்காத் தேடலையோன்னு ஒரு சந்தேகம்" என்று திரும்பி வந்தார். இந்த முறை எதெல்மிராவின் கையைப் பிடித்து உலர்த்திப் பக்கம் விட்டார். அவள் துண்டை இழுத்ததும் பாலன் அவள் மடியில் விழுந்தார். ஊரே ஆர்ப்பரித்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "திருட்டுக் கொமாத்ரே! திருட்டுக் கொமாத்ரே!" என்று முதுகில் குத்தினாள். வலித்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

பட்டுக் கைக்குட்டையின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துப் பாலனைச் சுமந்துபோய்க் குடிலில் நிறுத்தினோம். எல்லோரும் முத்தமிட்டார்கள். கேக் வெட்டியதும் நெப்தாலி ஆரம்பித்தார்.

"அபெலார்தோ ஐயா, பதினஞ்சு வருஷமா மாட்டினீங்க. கடைசில முட்டி வலிக்காரம்மா ஒருத்தங்க ஜன்னலேறிக் குதிச்சுப் பாலனையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. கேமரா கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்துச்சா?"

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. அபெலார்தோவும் சிரித்தார், காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"ஒண்ணுக்கும் உதவாத சாமான், நெப்தாலி. சும்மா காசுக்கும் நேரத்துக்கும் கேடு" என்றார். சொல்லிவிட்டுக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"பாத்தீங்கதானே, கொம்பாத்ரே?"

"ரெண்டு தடவ பாத்தேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தொப்பியக் கழட்டிச் சிலுவ போட்டீங்க பாருங்க. முகம், விரல், கண்ணுல இருந்த பயம், அத்தனையும் அவ்வளவு சுத்தமா விழுந்திருந்துச்சு. அப்படி ஒரு படம் என் கேமரா எடுத்ததே இல்ல, கொமாத்ரே."

"எனக்குக் காட்டுங்களேன்."

"அழிச்சிட்டேன். வச்சிருந்தா என் வாயி சும்மா இருக்காது. யார்கிட்டயாவது காட்டியிருப்பேன்."

திரும்பினால் எதெல்மிரா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கு நாலு பக்கெட் துணி தோச்சேன். மதியத்துக்குள்ள காஞ்சிடுச்சு" என்றாள். "பனின்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சுக்கிட்டேன். இத்தன வருஷத்துல உங்க கேமராவ நீங்களே மட்டமாப் பேசி நான் கேட்டதில்ல. அதுவும் அந்த நெப்தாலி முன்னாடி!"

அவர் தலையைக் குனிந்து ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வாங்க" என்றாள். "வீடு நிறைய ஆளுங்க வந்திருக்காங்க. நீங்க இங்க ஒளிஞ்சுக்கிட்டு நின்னா எப்படி?"