கையை விட்டால் இழுக்கும்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவை இதே கைகள்தான்.

அக்காவின் கணவர் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறார். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய் நேராக்குவார். அதனால் பட்டறையில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். எனக்கு மாமா. இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு அவரிடம் போய் நின்றவன் நான். இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான்.

அக்காவுக்காக ஒரு பழைய பழுப்பு நிறக் காரை வாங்கி வந்தார். தினமும் காலையில் அக்கா அதில் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டறைக்கு வந்து சாவியை மேஜையில் விட்டெறிந்தாள்.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குது. இன்னிக்கு லாரிக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்துச்சு. பின்னாடி பாப்பா இருக்கா."

"கோணல் வண்டியில இல்ல. ஓட்டுற கையில."

"அப்ப உங்க நேரான கையால சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா நானும் பாப்பாவும் அதுல ஏற மாட்டோம்."

வேலை என் தலையில் விழுந்தது. காற்று பார்த்தேன், நான்கு சக்கரத்திலும் சரியாக இருந்தது. முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றினேன். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. பட்டறைத் தெரு ஒருவழிப் பாதை. அதில் எத்தனை முறை ஓட்டினாலும் இடது பக்கமே இழுத்தது. பிரேக் கவ்விக்கொண்டிருந்தால் சக்கரம் கொதிக்கும். நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் சில்லென்று இருந்தன.

ஓடி வந்த சக்கரம் சில்லென்று இருக்காது.

"மாமா, தொட்டுப் பாருங்க."

"வேலை செய்ய வலிச்சா உனக்கு எல்லாம் சில்லுனுதான் இருக்கும்."

மெஷினில் ஏற்றினோம். எல்லா அளவும் பச்சை, கோணலே இல்லை. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மெஷின் பொய் சொல்லாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருப்பவர் அவர்.

மாலை 6.20. ஊருக்கு வெளியே, கிடங்குகளைத் தாண்டிய நேர்ச் சாலை. நான் ஓட்டினேன். மாமா பக்கத்தில்.

"கையை விடு."

விட்டேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

"ரோட்டுச் சரிவா இருக்கும். திருப்பி ஓட்டு."

மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். அதனால் இழுத்தால் போகும்போதும் இடது, வரும்போதும் இடதுதான். திருப்பினேன். கையை விட்டேன்.

வண்டி வலது பக்கம் போனது. சரிவுக்கு எதிராக நடு மேட்டில் ஏறி... சாலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு...

மாமா பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் பேசவில்லை.

அது பக்கம் பார்த்து இழுக்கவில்லை. ஓர் இடத்தைப் பார்த்து இழுத்தது.

வலப்புறம் ஒரு மண்பாதை பிரிந்தது. அதில் திருப்பியதும் இழுப்பு நின்றது. வண்டி நூல் பிடித்த மாதிரி போனது.

"மாமா, திரும்பிடலாம்."

"எங்க போகுதுன்னு பாக்காம வர மாட்டேன். நியூட்ரல்ல போடு."

பாதை ஏற்றமாக இருந்தது. நியூட்ரலில் போட்டேன். வண்டி ஏறியது.

"எஞ்சினை நிறுத்து."

நிறுத்தினேன்.

ஏறியது.

வண்டித் தரைக்கு அடியில், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே, ஒரு சத்தம். கர்... கர்... இரும்பு பிரிகிற சத்தம்.

6.41. ஏற்றம் முடிந்தது. விளக்கு வெளிச்சத்தில்...

தண்ணீர்.

கைவிட்ட கல்குவாரி. பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கைப்பிரேக்கை இழுத்தேன். அது பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும்.

பிடித்தது.

இரண்டு பேரும் குதித்தோம். எஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் முன் சக்கரங்கள் சுற்றின. மண்ணைப் பறித்துக்கொண்டு... நாய் காலால் தோண்டுவதுபோல...

மறுநாள் கட்டி இழுத்து வந்தோம். மாமா தரை விரிப்பைக் கிழித்தார். குறுக்கே நீளமாக ஒரு வெல்டிங். யாரோ ஒரு வண்டியின் முன் பாதியையும் இன்னொன்றின் பின் பாதியையும் ஒட்டி விற்றிருக்கிறார்கள். ரசமட்டத்தின் கண்ணிலேயே மண். கோபத்தில் அன்றைக்கே வெட்டிக் காயலான் கடைக்கு அனுப்பினார். அக்காவுக்கு வேறு கார் வந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். காலை 7.50க்கு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, இதுவும் இழுக்குதுடா."

"நிறுத்துக்கா!"

"எஞ்சினை நிறுத்திட்டேன்... நிக்கலடா. மண்ணு ரோட்டுல போகுது..."

"பாப்பாவத் தூக்கிட்டுக் குதி! குதிக்கா!"

போன் கட்டாகிவிட்டது.

நான் போனபோது குவாரி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை கிழிந்திருந்தது. மடியில் பாப்பா. வண்டி இல்லை. தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பின்னாலேயே ஓடி வந்தார் மாமா. அக்கா காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முன் சக்கரம் ரெண்டும்... பழைய வண்டியோடது. புதுசு மாதிரி இருந்துச்சு. வீணாக்க மனசு வரல. நேத்துதான் இதுல மாட்டினேன்."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிரேன் வந்தது. அக்காவின் வண்டி மேலே வந்தது. அதன் மூக்கில் சிக்கிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. பழுப்பு நிறம். முன் பாதி இல்லை. மாமா வெட்டியது இல்லை; எங்கள் பழைய வண்டியின் முன் பாதியை எடுத்துக்கொண்டு யாரோ வீசிப்போன அதன் சொந்தப் பின் பாதி. உள்ளே சேறு. யாரும் இல்லை. அந்த மாதிரி வண்டியோடு காணாமல் போனவர்கள் என்று எங்கும் புகாரும் இல்லை என்றார்கள் போலீஸ்காரர்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். பின் சீட் பெல்ட் கழன்று கிடந்தது. அதன் கொக்கி முழுக்கத் துரு. பூட்டுக்குள் நுழையும் நாக்கு மட்டும் பளபளவென்று இருந்தது. அது இத்தனை காலமும் பூட்டியே இருந்திருக்கிறது. கழன்றது இப்போதுதான்.

அக்காவின் வண்டிக் கதவைத் திறந்தேன்.

பின் சீட் பெல்ட் பூட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டவில்லை. விலகி வளைந்து நின்றது... ஓர் இடுப்பைச் சுற்றி நிற்பதுபோல. எங்கள் பாப்பாவைவிடச் சின்ன இடுப்பு.

"பாப்பாவ எடுக்கக் கழட்டினேன்டா" என்றாள் அக்கா. "நான் பூட்டல."