கூரை ஒழுகிய கடிதம்

ஒரு மரப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, சிவப்புப் பேனாவால் என் பெயரை அடித்தார் அந்த அம்மா. நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷில் என் பெயர் மட்டும் படிப்பேன். அதனால் அடிபட்டது என் பெயர் என்று தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் சின்ன கம்பெனி. நான் பேக்கிங். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களைத் திருத்த அந்த அம்மாவை வைத்திருந்தார்கள். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். லெட்டரம்மா என்போம். முதலாளி எழுதுவதை, படிக்கப்போகிறவனுக்குத் தக்கபடி மாற்றுவார். ஜெர்மனிக்குப் போனால் நலம் விசாரிப்பை வெட்டுவார். துபாய்க்குப் போனால் அதையே சேர்ப்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஜப்பானுக்குப் போன சரக்கு துருப்பிடித்து இறங்கியது. ஏன் என்று கேட்டார்கள். பேக்கிங் ஆளின் கவனக்குறைவு, அவனை நீக்கிவிட்டோம் என்று என் பெயரைப் போட்டு முதலாளி பதில் எழுதினார். கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. லெட்டரம்மா இறங்கி வந்து சொன்னார்.

"அண்ணா, அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு?"

"ஷெட்டு ஒழுவுச்சும்மா. துரு புடிக்காம சுத்துற எண்ணெய்க் காகிதமும் தீந்துபோச்சு. சொன்னேன். இருக்கிறத வெச்சுக் கட்டுன்னாங்க."

அப்போதுதான் என் பெயரை அடித்தார். மாடிக்குப் போனார். முதலாளி கத்தியது கீழே கேட்டது.

"இன்னாம்மா, லெட்டர திருத்தச் சொன்னா கம்பெனியவே திருத்துறியா?"

"சார், யாருன்னு அவுங்க கேக்கல. ஏன்னு கேக்கறாங்க. ஆளத் தூக்கிட்டோம்னு எழுதினா, கூரை இன்னும் ஒழுவுதுன்னுதான் படிப்பாங்க."

"நான் எழுதினதுதான் போவணும்."

"என் கையால போவாது சார்."

மூன்று நாள் கடிதம் போகவில்லை. நான்காம் நாள், கூரை ஒழுகியதைச் சொல்லி லெட்டரம்மா எழுதியதில் முதலாளி கையெழுத்துப் போட்டார். கூரைக்குப் புதுத் தகடு வந்தது. என் வேலை தப்பியது. அடுத்த மாதம் லெட்டரம்மா வரவில்லை. நின்றாரா, நிறுத்தினார்களா, நான் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அது என் தப்பு.

இப்போது கடிதத்தைக் கம்ப்யூட்டரே திருத்துகிறது. நான் பேக்கிங் இன்சார்ஜ். போன வாரம் ஒரு பெட்டியில் சைஸ் மாறிப் போய்விட்டது. புது மேனேஜர் ஒரு ஃபாரம் நீட்டினார்.

"பண்ணவன் பேரப் போடு."

"ரெண்டு சைஸுக்கும் ஒரே கலர் லேபிள் சார். அத எழுதுறேன்."

"பேரு கேட்டேன்."

"பேரு, ஏன்னு சொல்லாது சார்."

லேபிள் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். பேர் போடும் கட்டம் காலியாகவே மேலே போனது. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அந்தக் கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை.