சோப்பு விலையும் தையல் மெஷினும்

யுத்தத்துக்கு முன்னால் நான் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. துரைமார் ரப்பர் பங்குகளை வாங்கி விற்பதைப் பார்த்தே நானும் நிபுணன் ஆகிவிட்டதாக நினைப்பு. என் பெயரில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. ஜப்பான்காரன் வந்ததும் ஆபீசை மூடினார்கள். என் நிபுணத்துவத்தைத்தான் யாரும் மூடவில்லை.

பங்கு போனால் என்ன, சோப்பு இருந்தது. சிராங்கூன் ரோட்டுக் கள்ளச் சந்தையில் அதன் விலை தினமும் மாறும். அதை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவந்தேன். சுவர் நிறைந்தபோது ஒரு விதி பிறந்தது: மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் வாங்கு, ஒரு நாள் இறங்கினாலும் விற்றுவிடு. கைக்காசு போடாமல், சுவரிலிருந்த பழைய விலைகளிலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். கற்பனையில் பத்துக் கட்டி சோப்போடு ஆரம்பித்தேன். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் அதன் மதிப்பு மூன்று மடங்கானது!

நிஜ முதலுக்கு வீட்டில் இருந்தது மனைவியின் தையல் மெஷின் ஒன்றுதான். அவள் அதில் கிழிசல் தைத்துத்தான் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிச் சந்தையில் விற்க என்னிடம் விலை பேசியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ரிக்‌ஷாவோடு வந்துவிட்டார். அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பத்து சோப்புல ஆரம்பிச்சீங்க. கடைசில வந்த நோட்டுக்கு இன்னிக்கு எத்தனை சோப்பு வரும்?"

போட்டுப் பார்த்தேன். "ஏழு."

"சும்மா வெச்சிருந்தாலே பத்து இருந்திருக்குமே. மிச்ச மூணை யாரு குளிச்சுக் கரைச்சா?"

ஒவ்வொரு முறையும் விற்றுவிட்டு, மூன்று நாள் ஏறவிட்டு, அதிக விலைக்குத் திரும்ப வாங்கியிருக்கிறேன். நோட்டை எண்ணிய நிபுணன் சோப்பை எண்ணவில்லை.

"என்னண்ணே, தூக்கலாமா? ரிக்‌ஷாக்காரன் கத்துறான் லா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ரிக்‌ஷாவுல நீங்களே ஏறிப் போங்க," என்றாள் அவள். நான் ஈரத்துணியால் சுவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஜப்பான்காரன் சரணடைந்தபோது வாழைமர நோட்டு சாக்கடையில் மிதந்தது. எங்கள் வீட்டில் மெஷின் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் கிழிந்த கால்சட்டையோடு வந்தார். "கூலிக்குக் கைவசம் நோட்டு ஒரு மூட்டை இருக்கு, தங்கச்சி."

"நோட்டு வேணாண்ணே. சோப்பு இருந்தா குடுங்க, சுவர்ல கரி இன்னும் போகல."