பிள்ளையார் சுழி போட்ட வினாக்கொத்து

இரண்டு வருடங்களுக்கு முன், தவணை விடுமுறைக்கு முந்தின நாள், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நடந்தது இது. கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளின் பழக்கவழக்கங்கள் பற்றிய சுகாதார ஆய்வொன்றில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. சிகரெட் பிடித்ததுண்டா, சாப்பிடாமல் இருப்பதுண்டா, யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய் என்றெல்லாம் கேட்கும் வினாக்கொத்து. பெயர் எழுத வேண்டாம், எழுதியதை யாருக்கும் காட்டமாட்டேன், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லிப் பென்சில்களையும் கொடுத்துவிட்டு, பெரிய ஆய்வாளர் மாதிரிக் கைகட்டி நின்றேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே பிள்ளையார் சுழி போட்டார்கள். சிலர் சிலுவை போட்டார்கள். அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீறி, மறக்காமல் பரீட்சைச் சுட்டெண்ணும் எழுதினார்கள். பதில்களோ சுகாதாரப் பாடப் புத்தகத்திலிருந்து நேரே இறங்கியவை. எல்லோரும் காலையில் பழம் சாப்பிடுகிறார்கள், நேரத்துக்குத் தூங்குகிறார்கள், கவலை என்பதே கிடையாது! முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "மிஸ், இந்த மார்க்ஸ் ரிப்போர்ட்ல வருமா?" என்று வேறு கேட்டாள்.

அடுத்த நாள் பாடசாலை மூடிவிடும். இதைக் கொண்டுபோனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அறிக்கை சொல்லும். குறை இருக்கிற பிள்ளையை அப்புறம் யார் பார்ப்பது? வகுப்பாசிரியையான கணக்கு டீச்சர் மேசையிலேயே இருந்தார். வகுப்பே நடுங்கும் ஆள். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

"எனக்கும் ஒண்டு தாங்கோ," என்று அவரே கையை நீட்டினார். வாங்கிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"பள்ளிக்கூடம் கட் அடிச்சதுண்டா? ஓம். உங்கட வயசில காலிமுகக் கடற்கரைக்குப் போய் இறால் வடை சாப்பிட்டனாங்கள்."

வகுப்பு வாயைப் பிளந்தது.

"சிகரெட்? ஒருக்கா. அண்ணான்ர பொக்கெற்றில களவெடுத்தது. நான் இருமின இருமலுக்கு அம்மா ஓடி வந்திட்டா."

சிரிப்பில் மேசைகள் ஆடின. கடைசிக் கேள்வியில் மட்டும் டீச்சரின் குரல் இறங்கியது.

"கஷ்டம் வந்தா யாரிட்ட சொல்லுவாய்? நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல, பிள்ளையள். சொல்லியிருக்கலாம்."

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "இதுக்கு மார்க்ஸ் இல்லை. நான் கன்ரீனுக்குப் போறன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மூலையில் அழிறப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு முழுக்கத் தேய்த்தது. பிள்ளையார் சுழியை மட்டும் ஒருத்தியும் அழிக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் அலுவலகத்தில் தாள்களைப் பிரித்தேன். கடைசிக் கேள்வியில், 'வேறு யாராவது' என்ற இடத்தில், ஒரு பிள்ளை குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'இனிமேல் கணக்கு டீச்சரிட்ட.'

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொல்லக் கால் துடித்தது. ஆனால் யார் எழுதியதையும் யாருக்கும் காட்டமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. இன்றும் பஸ் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினால் அந்தக் குண்டெழுத்து நினைவில் வந்து தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். டீச்சருக்கு மட்டும் சொல்லாமல், இவ்வளவு சந்தோஷமாக நான் காக்கும் இரகசியம் வேறொன்றுமில்லை.