ஐஸ் பெட்டியில் மேரியின் மருந்து

போன வாரம் பெர்மாஸ் ஜெயாவில், கூடாரச் சாமான் விற்கும் ஒரு கடையில் நின்றிருந்தோம். என் கணவர் ஒரு கையை ஐஸ் பெட்டியின் மேலும், இன்னொன்றைச் சின்ன கார் ஃபிரிட்ஜின் மேலும் வைத்துக்கொண்டு, "எது எடுக்கலாம், சொல்லு லா," என்றார். ஐஸ் பெட்டியைத் திறந்தேன். புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. உடனே மூடிவிட்டு, "ஃபிரிட்ஜ்," என்றேன். எதற்கும் சிக்கனம் பேசுகிறவள் விலை கூடியதை இவ்வளவு சீக்கிரம் சொன்னதில் அவருக்குச் சந்தேகம்தான். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கெலாங் பாத்தாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஈயம் உருகும் வாசனை சட்டையோடு வீடுவரை வரும். பக்கத்து இருக்கை மேரிக்கு. வாடகை வீட்டில் எங்கள் இருவருக்கும் அறையும் ஒன்றுதான். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

ஒரு நீண்ட விடுமுறைக்கு, கார் வைத்திருந்த தோழி கவிதாவோடு மூவரும் கிழக்குக் கடற்கரையில் இரண்டு நாள் கூடாரம் போடக் கிளம்பினோம்.

"மருந்துக்கு எங்க அண்ணனோட கார் ஃபிரிட்ஜ வாங்கிட்டு வரேன்," என்றாள் மேரி.

நான் விடவில்லை. நிறுத்திய காரில் ஃபிரிட்ஜ் ஓடினால் பேட்டரி செத்துவிடும், ஐஸ் பெட்டியே போதும் என்று வாதாடினேன். எனக்கு அப்போது கார் ஓட்டவே தெரியாது.

"சரிடி, நீயே பாத்துக்க. துணியில சுத்தி மேலாக வை," என்று இன்சுலின் அடைத்த ஊசிப் பேனாவைக் கொடுத்தாள்.

மேலாகத்தான் வைத்தேன். வழியில் சாப்பிட்டு, மேரி ஊசியும் போட்டுக்கொண்ட பிறகு, ராத்திரிக்குக் கோழி வாங்கினோம். அதற்கு இடம் வேண்டி பேனாவை அடியில் தள்ளினேன். குளிர் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஐஸ் மேல் கல் உப்பு வேறு தூவினேன்.

மூன்று மணி இருக்கும். அவர்கள் இருவரும் கடலில் இருந்தார்கள். குடிக்க ஏதாவது எடுக்கப் போன நான் பேனாவைத் தேடி எடுத்தேன். சுற்றியிருந்த துணியைக் காணோம். உள்ளே மருந்து வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரைந்து, பழையபடி தெளிந்துவிட்டது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேரியோடு கிளினிக் போயிருந்தபோது தாதி சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது: ஒருமுறை உறைந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்றே பொழுது சாய்ந்துவிட்டது.

கவிதா கோழியைத் திருப்பிப் போட்டாள். மேரி கை கழுவி வந்து, பேனாவில் ஊசியைப் பொருத்தி, சட்டையை லேசாகத் தூக்கினாள்.

"போடாத," என்றேன்.

"ஏன்டி?"

"அது உறைஞ்சு போச்சு."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"நான்தான் கையில வச்சுக் கரைச்சேன்."

கவிதா, "அலமாக், போச்சு," என்று முணுமுணுத்துவிட்டு அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். போட்டது போட்டபடி பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் காரை விரட்டினாள். முக்கால் மணி நேர வழி. மேரிக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"மூணு மணிக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. புது மருந்து போட்டார்கள். கெட்டுப்போனதை நம்பி இரண்டு நாள் இருந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் மருத்துவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சொன்னதாகத்தான் பட்டது.

மேரி சண்டை போடவில்லை. அடுத்த மாதம், ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று வேறு அறைக்கு மாறிக்கொண்டாள்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. நாங்கள் கூடாரம் போட்ட கரையில் வேலி போட்டு ஹோட்டல் கட்டிவிட்டார்கள். மேரி பத்து பாகாட் என்ற ஊரில் நன்றாக இருக்கிறாள். கிறிஸ்மஸுக்குப் போனால் கேக் கட்டிக் கொடுக்கிறாள், பிள்ளைகளைக் காட்டுகிறாள். போன தடவை சாப்பாட்டுக்கு முன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு காலத்தில் என் எதிரில் போட்டுக்கொண்ட ஊசி. நான் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.