பின்பக்கத்து ஜன்னலும் உள்ள வீடு

செருப்புப் பெட்டி மடிப்பது அந்த வீட்டில் அம்மாவின் வேலை. கம்பெனியிலிருந்து தட்டையாக வெட்டி வரும் அட்டைகளைச் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மடிப்பாள். வாய் யாரோடு சண்டை போட்டாலும் கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் பெட்டியெல்லாம் கோணிக்கொண்டன. மகள் வாலுவை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா, பாலர் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் வைப்பதா என்று பேச, மறுநாள் வரச்சொல்லியிருந்தார் மிஸ்.

எல்லாம் மகள் வரையும் படங்களால்தான் என்று அம்மா நினைத்தாள். வாலு வீடு வரைந்தால் நடுவில் ஒரு கட்டம், சுற்றிலும் நாலு சுவரும் மல்லாந்து கிடக்கும்.

"இடிஞ்சு விழுந்த வீடு மாதிரி இருக்கேடி! எல்லாரையும் போல முன்பக்கத்தை மட்டும் போடேன்."

"அப்போ பின்னாடி ஜன்னல் எங்கேம்மா போகும்?"

"அது ஊருக்குப் போகும். நீ ஒழுங்கா வரை."

"உன் மக கட்டுற வீட்டுல மழைக்குக்கூட ஒதுங்க முடியாது," என்று அப்பா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

மறுநாள் மிஸ்ஸின் மேஜையிலும் அதே மாதிரி ஒரு வீட்டுப் படம். "வீட்டுல திட்டிக்கிட்டுதான் இருக்கேன் மிஸ்," என்றாள் அம்மா, முந்திக்கொண்டு.

மிஸ் கத்தரிக்கோலால் படத்தை ஓரத்தோடு வெட்டி வாலுவிடம் நீட்டினார். வாலு நாலு சுவரையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி நிறுத்தினாள். ஒரு சுவர் கொஞ்சம் குட்டை. மற்றபடி வீடு நின்றது, பின்பக்கத்து ஜன்னலோடு.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தினம் இதைத்தானே மடிக்கிறேன்! என் கண்ணுக்குத் தெரியலையே!"

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? போன மாசம் நானும் 'நேரா போடு'ன்னுதான் விரட்டினேன். இவ நின்ன இடத்துல இருந்தே மனசால வீட்டைச் சுத்தி வர்றா. கண்ணுக்குத் தெரியாததை இப்படித் திருப்பிப் பார்க்கப் பழகினா, நாளைக்குக் கணக்குக்கும் அது கைகொடுக்கும். எழுத்துலதான் தடுமாறுறா. அதுக்கு நான் உட்கார வெச்சுச் சொல்லித் தர்றேன். ஒண்ணாம் வகுப்புக்கே போகட்டும்."

வாலு காகித வீட்டுக்குள் ஒரு அழிரப்பரைக் குடிவைத்துக்கொண்டிருந்தாள். நன்றி என்கிற ஒற்றைச் சொல்லைச் சொன்னால் ரொம்பச் சின்னதாகப் போய்விடும்போல இருந்தது அம்மாவுக்கு.

"மிஸ்... இதுக்கெல்லாம் நான் உங்களுக்கு என்ன செய்யப்போறேன், சொல்லுங்க?"

"மிஸ்! இவ பெயிண்டைக் குடிச்சிட்டா!" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குழந்தையின் கூச்சல்.

கத்தரிக்கோலும் கையுமாக மிஸ் வெளியே ஓடினார்.